மருந்தை இழுத்துப் போகும் மாடு

என் ஆயா பீடி சுற்றியவர். குடியாத்தத்துக்கு மேற்கே இருந்த எங்கள் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்த பீடி இலையைத் தகட்டின் அளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, முனையை மடித்து நூல் கட்டும் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்வார். நாளெல்லாம் இலையோடு புழங்கிய அந்த விரல்கள், மாலையில் வெற்றிலையை எடுக்கும்போது மட்டும் வேகம் குறைந்துவிடும். 1989இல் மாவட்டம் இரண்டாகப் பிரிவதற்கு முந்தைய வட ஆற்காட்டில் கழிந்த என் சிறுவயதில், மார்கழியும் தையும் வந்தால் எனக்கு நெஞ்சில் சளி கட்டும்; ஆயா சிம்னி விளக்கை ஏற்றுவார்.

அவர் செய்ததை நான் எத்தனையோ முறை பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். தடித்த முற்றின இலையாக ஒன்றை எடுத்து, ஈரம் போகத் துடைத்து, காம்பைக் கிள்ளி, மினுமினுக்காத அடிப்பக்கத்தில் விளக்கெண்ணெயை ஒரு விரலால் தடவுவார். பிறகு விளக்குக் கண்ணாடியின் வாய்க்கு நான்கு விரல் மேலே, தீயின் நாக்கு படாமல், அனல் மட்டும் படும்படி இலையைப் பிடிப்பார். விறைப்பாக நின்ற இலை ஓரத்திலிருந்து மெல்லச் சோர்ந்து, பச்சை கறுத்து, எண்ணெய் மின்னத் தொடங்கும்போது வீடெல்லாம் ஒரு காரமான மணம் பரவும். உடனே அதை என் நெஞ்சில் போடமாட்டார். முதலில் தன் புறங்கையில் வைத்து, மனத்துக்குள் ஏதோ எண்ணுவதுபோல் காத்திருந்து, அதன் பின்புதான் என் நெஞ்சுக்குக் கொண்டுவருவார்.

ஒருமுறை, “இந்த இலைதான் மருந்தா ஆயா?” என்று கேட்டேன். “இது மருந்து இல்லடா கண்ணு, மருந்த இழுத்துகினு போற மாடு. மாட்டுக்குப் புல்லப் போட்டாப் போதும், கொம்புல பூ சுத்தாத” என்றார். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. பிற்காலத்தில் சித்த மருத்துவம் படித்த நண்பர் ஒருவரோடு பேசும்போது, அவர் “அனுபானத்தாலே அவிழ்தம் பலிக்கும்” என்ற பழைய அடியைச் சொன்னார். அவிழ்தம் என்பது மருந்து. அனுபானம் என்பது அந்த மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் துணைப்பொருள். சுக்கு, இஞ்சி, பால், முலைப்பால், நெய், தேன் என்று அந்தப் பாடல் அடுக்கும் துணைப்பொருள்களில் வெற்றிலை நீரும் ஒன்று. எழுத்தறியாத என் ஆயா மாட்டை வைத்துச் சொன்னதும் அந்த வெண்பா சொன்னதும் ஒரே செய்திதான் என்று அப்போதுதான் உறைத்தது.

இன்றைக்கு வெற்றிலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு அது சர்க்கரை நோய் முதல் புற்றுநோய் வரை அத்தனையையும் தீர்க்கும் சஞ்சீவி. மற்றொரு கட்சிக்கு அது சுவரெல்லாம் சிவப்பாகத் துப்பி வைக்கும் அசிங்கமான பழக்கம். இரண்டு கட்சியும் இலையைப் பார்க்காமல் அதன் மேல் ஏற்றப்பட்ட சுமையைத்தான் பார்க்கின்றன என்பது என் எண்ணம். மாட்டையும் சுமையையும் பிரித்துப் பார்க்கும் முயற்சியாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் செடி. வெற்றிலை மிளகுக் குடும்பத்துக் கொடி. மிளகும் திப்பிலியும் வால்மிளகும் இதன் நெருங்கிய உறவினர். இலையின் காரம் அந்தக் குடும்பச் சொத்து. பழந்தமிழில் இதற்கு வெள்ளிலை, மெல்லிலை, திரையல் என்று பல பெயர்கள் உண்டு. மருத்துவ நூல்களில் நாகவல்லி என்றும் வரும். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலன் உண்டு முடித்ததும் கண்ணகி அவனுக்குக் கொடுப்பது திரையலும் அடைக்காயும்தான். அடைக்காய் என்றால் பாக்கு. ஆக இலையும் பாக்கும் சேர்ந்தே நடப்பது நேற்று வந்த வழக்கம் இல்லை. பின்னால் நான் சொல்லப்போகும் சிக்கலுக்கும் அந்த நீண்ட உறவே காரணம்.

கொடியில் ஆண், பெண் என்று தனித்தனியாக உண்டு. விதை போட்டு யாரும் வளர்ப்பதில்லை. கணுவோடு தண்டை வெட்டி நடுவதுதான் வழக்கம். கொடிக்கால் என்னும் வெற்றிலைத் தோட்டத்தில் முதலில் அகத்தியை விதைத்து, அது ஆளுயரம் வளர்ந்து நிழல் தரத் தொடங்கியதும் பக்கத்தில் வெற்றிலைத் துண்டுகளை ஊன்றுவார்கள். கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு அகத்தியைப் பற்றிக்கொண்டு ஏறும். ஏறிய கொடியை அப்படியே விட்டுவிட்டால் இலை சிறுத்துவிடும் என்பதால், குறித்த காலத்துக்கு ஒருமுறை கொடியை இறக்கி, அடிப்பகுதியைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மறுபடியும் ஏற்றிக் கட்டுவார்கள். பாத்திகளுக்கு நடுவே வாய்க்காலில் தண்ணீர் எப்போதும் கசிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் வேரில் நின்றுவிடக் கூடாது. நின்றால் வாடல் நோய் வந்து ஒரு வரிசையே சாய்ந்துவிடும்.

நிழல், ஈரம், காற்றுத் தடுப்பு. இந்த மூன்றையும் கேட்கிற செடிக்கு வேலூர் ஏற்ற ஊர் இல்லை. சித்திரையிலும் வைகாசியிலும் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மனிதர்களே நிழலுக்கு அலைகிறோம். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. எங்கள் ஊருக்கென்று பேர் வாங்கித் தந்தது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்தான்; அது வெயிலோடு பழகிய பிள்ளை. வெளியூரில் யாராவது ‘வேலூர் வெற்றிலை’ என்று சொன்னால், அவர்கள் சொல்வது காவிரிக் கரையில் இருக்கும் பரமத்தி வேலூரை என்று புரிந்துகொள்ள வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் அந்தப் புகழை நாங்கள் மறுக்காமல் வாங்கிக்கொள்வதும் உண்டு.

இத்தனையும் தெரிந்தே வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் வெற்றிலை வளர்க்க ஆசைப்பட்டேன். முதலில் நர்சரி ஒன்றில் ‘கற்பூர வெற்றிலை’ என்று சொல்லிக் கொடுத்த தொட்டியை வாங்கி வந்து மூன்று மாதம் பேணினேன். கொடி நன்றாகத்தான் ஏறியது. இலையும் இதய வடிவில் பளபளத்தது. ஒருநாள் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டபோது வெற்றிலை மணமே இல்லை. பச்சை வாடைதான் வந்தது. அது மிளகுக் கொடி. சித்தப்பாவிடம் காட்டினேன். இரண்டையும் கண்ணால் பிரிப்பதைவிட மூக்கால் பிரிப்பது எளிது என்றும், வாங்கும் முன்பே இலையைக் கசக்கி முகர்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்லிச் சிரித்தார். அடுத்து உறவினர் தோட்டத்திலிருந்து வந்த உண்மையான கொடி அக்கினி நட்சத்திரத்தில் கருகிப்போனது. மூன்றாவது கொடியை வடக்குப் பார்த்த சுவரோரம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பச்சை நிழல்வலைக்குக் கீழே வைத்தேன். கல்லிலிருந்து எழும் ஈரம் அதற்குப் பிடித்துப்போனது. நான்கு வருடமாக அது உயிரோடு இருக்கிறது. அகத்திக்குப் பதிலாகத் தேங்காய் நார் சுற்றிய குச்சியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

வீட்டுக் கொடி ஆசைக்குத்தான். தேவைக்கு நேதாஜி மார்க்கெட்தான். வெற்றிலைக் கடையில் ஈரக் கோணிக்குக் கீழே வாழைச்சருகு விரித்து, இலைகளைக் காம்பு வெளியே தெரிய வட்டமாக அடுக்கி, விரல் நுனியால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கணக்கு கவுளியில், கவுளிக்கு நூறு இலை. நான் வழக்கமாக வாங்கும் அம்மா ஒரு கவுளியை எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்தைச் சீட்டுக்கட்டு போலத் தள்ளி, அழுகல் இருக்கிறதா என்று நொடியில் பார்த்துவிடுவார். “வெறும் வாய்க்கா, வைத்தியத்துக்கா?” என்று கேட்பார். வாய்க்கு என்றால் இளம்பச்சையில் மெல்லிய இலை. வைத்தியத்துக்கு என்றால் கரும்பச்சையில் தடித்த, காரம் மிகுந்த கம்மாறு. இரண்டுக்கும் நடுவில், கசக்கினால் கற்பூர வாசம் வரும் கற்பூர வெற்றிலை. சோழவந்தானும் ஆத்தூரும் 2023இல் தங்கள் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கின. கும்பகோணம் 2025இல் வாங்கியது. எங்கள் மார்க்கெட்டில் இந்தப் பெயர்களுக்கு மதிப்பு அதிகமில்லை. “காரமா, சாதாவா” என்பதுதான் கேள்வி.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களின் கதை வேறு. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகளை ரயில் ரயிலாக இறக்குகிறது. காந்தி ரோட்டு லாட்ஜ்களுக்குக் கீழே வங்காள எழுத்தில் பலகை வைத்த கடைகளில் அவர்களுக்கான வெற்றிலையும் விற்கிறது. மருந்துச் சீட்டோடு இறங்கி வருகிறவர்கள் அடுத்த கடையில் பாக்கோடு இலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு மாத்திரை வாங்க நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. எங்கள் வீட்டிலேயே அந்தக் கதை இருக்கிறது.

இனி மருத்துவம். சித்த மருத்துவத்தில் வெற்றிலையின் சுவை கார்ப்பு, தன்மை வெப்பம். செய்கைகளாக அகட்டுவாய்வகற்றி, உமிழ்நீர்ப்பெருக்கி, வெப்பமுண்டாக்கி ஆகியவற்றைச் சொல்வார்கள். பெயர்கள் கரடுமுரடாக இருந்தாலும் பொருள் எளிது: வயிற்றில் கட்டிய காற்றைக் கலைக்கும், எச்சிலைச் சுரக்க வைக்கும், உடம்பில் சூடு ஏற்றும். ஐயம் என்னும் கபம் மிகுந்தால் வரும் சளி, இருமல், மந்தம் ஆகியவற்றுக்கு இதைத் தேடியதற்குக் காரணம் இந்தச் சூடுதான். இலையை முகர்ந்தால் வரும் காரநெடி அதிலுள்ள ஆவியாகும் எண்ணெயின் நெடி. யூஜெனால், சாவிகால், ஹைட்ராக்சிசாவிகால் என்பவை அதில் முக்கியமான பொருள்கள். யூஜெனால் கிராம்பு எண்ணெயிலும் உண்டு. பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல்லடைக்கும் கலவையில் துத்தநாக ஆக்சைடோடு சேர்ப்பது அதைத்தான். ஆகவே விருந்துக்குப் பின் வெற்றிலை மென்றதும் வாய் மணப்பதும், எச்சில் ஊறி வயிறு இலேசாவதும் வெறும் மன மயக்கம் இல்லை.

இந்த எண்ணெய் ஆவியாகும் என்பதில் ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது. வெற்றிலைக் கஷாயம் என்று இலையைப் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிடுகிறவர்கள், மணத்தை அடுக்களைக்குக் கொடுத்துவிட்டுக் கசப்பைத்தான் குடிக்கிறார்கள். மிளகையும் சுக்கையும் தட்டிப் போட்டு முதலில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு கிள்ளிய வெற்றிலையைப் போட்டு மூடி வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். வெற்றிலை ரசத்திலும் அப்படியே: பூண்டும் மிளகும் சீரகமும் வெற்றிலையும் சேர்த்து அரைத்த விழுதைப் புளிக்கரைசலில் கலந்து, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்த ரசம் ரசமல்ல என்பதை நான் அம்மாவிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

துணைமருந்து என்ற நிலையில்தான் வெற்றிலைச் சாற்றுக்கு மதிப்பு அதிகம். கோரோசனை மாத்திரை போன்ற குழந்தை மருந்துகளைச் சித்த மருத்துவர்கள் வெற்றிலைச் சாற்றிலோ துளசிச் சாற்றிலோ தாய்ப்பாலிலோ உரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். இலையை அனலில் வாட்டிக் கசக்கிப் பிழிந்தால் இரண்டு இலைக்குச் சில சொட்டுகள்தான் தேறும், தேவையும் அவ்வளவுதான். எந்த மருந்துக்கு எந்தத் துணை என்று தீர்மானிப்பது மருத்துவரின் வேலை என்பதையும், பாதரசமும் பாடாணம் என்னும் நச்சுப்பொருளும் சேரும் சித்த மருந்துகளை அவர் சொல்லாமல் கடையில் வாங்கிக் குழைத்துக் கொடுப்பது விபரீதம் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனைத் துணையாக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்; தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும்.

பாட்டி வைத்தியம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் நான் ஏற்றுக்கொள்ளாதவையும் இருக்கின்றன. மலம் கட்டிய குழந்தைக்கு வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பது எங்கள் தெருவில் சர்வசாதாரணமாக நடந்தது. காம்பு முறிந்தாலோ உள்ளே கீறினாலோ என்ன ஆகும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வாட்டிய வெற்றிலையை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பால் வற்றுவதற்கும் அதே இலையைத்தான் கட்டுவார்கள். எதிரெதிரான இரண்டு வேலையை ஒரே இலை எப்படிச் செய்யும் என்று கேட்டால், “சூட்டைப் பொறுத்துடா” என்று ஆயா சமாளிப்பார். அவர் சொன்னவற்றில் நான் நம்பாத பதில் அது ஒன்றுதான். பூச்சிக்கடிக்கும் பாம்புக்கடிக்கும் மிளகோடு வெற்றிலையை மெல்லக் கொடுத்து, காரம் தெரிகிறதா என்று பார்த்து விஷம் ஏறியதா இல்லையா என்று தீர்மானிப்பது இன்னும் மோசம். கண்ணாடி விரியன் கடித்தவனுக்கு நாக்கில் காரம் நன்றாகவே தெரியும். அவனுக்குத் தேவை வண்டியும் விஷமுறிவு ஊசியும்தான்.

ஆய்வகத்தில் வெற்றிலைச் சாறு பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுத்திருப்பது உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பது அப்படியே நெஞ்சுக்குள் நடந்துவிடாது. கிருமி கொல்லும் இலை என்று நாம் கொண்டாடும் இதே இலையில் சால்மனெல்லா என்ற நோய்க்கிருமி இருந்ததால், 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் வங்கதேச வெற்றிலையின் இறக்குமதியையே நிறுத்தியது. பச்சையாக வாயில் போடும் இலை இது. வாய்க்கால் தண்ணீரும் பூச்சிமருந்தும் படாமல் வளர்வதில்லை. ஆயா முந்தானையில் துடைத்ததோடு விட்டார். நான் ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவுகிறேன்.

என் சொந்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது சளியும் காய்ச்சலும் வந்தது. ஆயா இல்லாத வீட்டில் ஆயாவாக இருக்க ஆசைப்பட்டு, கேஸ் அடுப்பின் மேல் இலையை வாட்டி, விளக்கெண்ணெய் தடவி நெஞ்சில் போட்டேன். முதல்நாள் புறங்கையில் வைத்துப் பார்க்க மறந்ததால் குழந்தையின் நெஞ்சில் ரூபாய் அளவுக்குச் சிவந்துவிட்டது. மறுநாள் சூடு சரியாக இருந்தது. குழந்தையும் இதமாகத் தூங்கியது. அந்தத் தூக்கத்தை நான் குணமாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. மூன்றாம் நாள் மாலை ஊரிலிருந்து வந்த அம்மா, குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்து, “பக்கம் இழுக்குதுடா, இன்னாடா பார்த்துகினு உக்காந்துகினுகீற” என்று கத்தினார். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு போனால் அது வேகமூச்சு. ஒரு வயதுக்குள் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அந்த எண்ணிக்கை 50. விலாவுக்குக் கீழே மூச்சுக்கு மூச்சு உள்வாங்கினால் தாமதிக்கவே கூடாது. மகளுக்கு நிமோனியா. நான்கு நாள் ஊசிமருந்தில் தேறி வந்தாள்.

இதற்காக நான் வெற்றிலையைக் குற்றம் சொல்லவில்லை. வெதுவெதுப்பான எண்ணெய் இலை நெஞ்சில் கிடக்கும்போது வரும் இதம் உண்மையானது. சாதாரணச் சளிக்கு அந்த இதமும் நேரமும் போதும். ஆனால் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன், வண்டியில் மருந்து இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஆயா இலையை வைக்கும்போதெல்லாம் ஒரு கையை என் விலாவில் வைத்திருப்பார். அது பாசத்தால் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அந்த மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இனிப் பாக்கு. வெற்றிலை என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் வெற்றிலைபாக்கு என்றே பொருள்படுகிறது. நிச்சயதாம்பூலம், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, வெற்றிலைபாக்கு வைத்து அழைப்பது என்று நம் மங்கல வழக்கங்களில் இரண்டும் ஒரே சொல்லாக ஒட்டிப்போயின. உடம்பு அவற்றை அப்படி ஒன்றாகப் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும் என்றது. அதைப் படித்தவர்கள், புகையிலையை விட்டால் போதும் என்று நிம்மதி அடைந்தார்கள். 2004இல் வெளியான அதன் தொகுதி, புகையிலை இல்லாத தாம்பூலத்தையும், தனியாகப் பாக்கையும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. அந்த வகுப்பில் வெற்றிலை தனியாக இல்லை. பாக்கு தனியாகவே இருக்கிறது.

பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள்தான் மெல்லுகிறவருக்குக் கிறுகிறுப்பையும் வியர்வையையும் விட முடியாத பழக்கத்தையும் தருகிறது. அதுவே கன்னத்தின் உள்தோலில் நார்ப்புரதத்தை மேலும் மேலும் சுரக்கத் தூண்டுகிறது. பாக்கின் துவர்ப்போ அந்த நார் இயல்பாகக் கரைவதைத் தடுக்கிறது. முதலில் காரம் தாங்காமல் வாய் எரியும். பிறகு கன்னம் உள்ளே வெளுத்து, தடவினால் கயிறு போல நிரடும். பிறகு வாய் திறப்பது குறையும். கையின் நடுவிலுள்ள மூன்று விரல்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிந்தால் வாய் சரியாகத் திறக்கிறது என்று பொருள். இப்படி இறுகிய வாயில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. வெற்றிலைகூட இல்லாமல் பாக்குத்தூளை மட்டும் பாக்கெட்டில் அடைத்து விற்றவர்கள் இந்த நோயைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் கொண்டுவந்தார்கள். 2013இல் தமிழ்நாட்டில் குட்காவும் பான்மசாலாவும் தடை செய்யப்பட்டன. பாக்குக்கு அந்தத் தடை இல்லை.

என் சித்தப்பா பான்மசாலாவைத் தொட்டவரில்லை. புகையிலையும் போடமாட்டார். “நான் போடறது வெத்தலதான்டா, மூலிகை” என்று பெருமையாகச் சொல்வார். இடுப்பு மடியில் ஒரு தகர டப்பாவில் சுண்ணாம்பு, சட்டைப்பையில் வாழைச்சருகில் சுற்றிய இலை, கொட்டைப்பாக்கைச் சீவ ஒரு பாக்குவெட்டி. வெற்றிலை போட்ட வாய் சிவப்பது நல்ல உடம்புக்கு அடையாளம் என்பது அவர் நம்பிக்கை. அந்தச் சிவப்பு பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து கொடுப்பது, இலைக்கு அதில் பங்கு சொற்பம். முதலில் ஊறும் சாறு நஞ்சு, துப்பிவிட வேண்டும் என்ற பழைய விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். கன்னத்தில் மணிக்கணக்காக அடக்கி வைத்த பாக்கைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் அவர் லட்டைப் பிட்டுப் பிட்டு வாயில் போடுவதைப் பார்த்துச் சந்தேகம் வந்து, வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல்கூடச் சரியாக நுழையவில்லை. நல்லவேளையாகப் புற்றுநோய் இல்லை. வாயைத் திறந்து மூடும் பயிற்சியும், கன்னத்தில் ஊசியும், காரம் குறைந்த சாப்பாடும் என்று சிகிச்சை தொடங்கியது. ஏற்பட்ட இறுக்கம் முழுதாகப் போகாது, மேலும் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார்.

அங்கேதான் என் கொள்கைக்கு ஓர் அடி விழுந்தது. மாட்டையும் சுமையையும் பிரித்துப் பேசப் பழகியிருந்த நான், சித்தப்பாவுக்காக வாதாடும் தோரணையில், “பாக்கும் சுண்ணாம்பும் இல்லாமல் வெறும் வெற்றிலை மட்டும் போடலாமா டாக்டர்?” என்று கேட்டேன். மருத்துவர் என்னைப் பார்க்காமல் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “வெறும் வெத்தலயோட நிறுத்திக்குவீங்களா பெரியவரே?” சித்தப்பா சிறிது நேரம் யோசித்துவிட்டு, “மாட்டேன்” என்று உண்மையைச் சொன்னார். இலை வாய்க்குள் போனால் நாக்கு பாக்கைத் தேடும். வேதியியலில் அவை இரண்டு. நாற்பது வருடப் பழக்கத்தில் அவை ஒன்று. எரிச்சலுள்ள வாய்க்கு இலையின் காரமே ஆகாது என்பது வேறு. எனவே அவருக்கு இலையும் இல்லை என்று முடிவானது.

இப்போது அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக மாடிக்குப் போகிறார். என் கொடிக்கு அவர்தான் வைத்தியர். எந்தக் கணுவில் வெட்டி அடுத்த தொட்டிக்கு மாற்றலாம் என்று சொல்பவரும் அவர்தான். ரசத்துக்கு நான்கு இலை வேண்டுமென்று என் மனைவி கீழேயிருந்து குரல் கொடுத்தால், முற்றினதும் இல்லாமல் தளிரும் இல்லாமல் நான்கைத் தேர்ந்து பறிப்பார். குழாயடியில் கழுவுவார். கல்லின்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு இலையிலும் காம்பையும் நுனியையும் கிள்ளி, முதுகைத் திருப்பி நடுநரம்பைக் கட்டைவிரல் நகத்தால் உரிப்பார். ரசத்துக்கு நரம்பு உரிக்கத் தேவையில்லை என்று நான் சொல்வதில்லை. உரித்த இலையைத் தொடையில் ஒருமுறை தேய்த்துத் துடைக்கும்போது, அவருடைய இடது கை தானாகவே மடிக்குப் போய்ச் சுண்ணாம்பு டப்பாவைத் தேடும்.